கொம்பிரி: மண்ணுக்கு நல்லது, வயிற்றுக்கு ஆகாது

பண்டாரவளைப் பக்கத்திலிருந்து வாசகி ஒருவர் எமக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். அவருடைய மருமகன் இலண்டனிலிருந்து விடுமுறைக்கு வருகிறாராம். வரும்போது கொம்பிரி என்ற பசளைச் செடியின் வேர் பத்துத் துண்டு கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறாராம். அந்தச் சகோதரி மூன்று கேள்விகள் கேட்டிருந்தார். எங்கள் மண்ணில் அது வருமா? வருவது உண்மையான வேர்தானா என்று எப்படி அறிவது? முழங்கால் வலியால் வருந்தும் தாயாருக்கு அதன் இலையை அவித்துக் குடிக்கக் கொடுக்கலாமா?

மூன்றாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொடுக்க வேண்டாம். ஒரு கோப்பைகூட வேண்டாம். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டதும், அந்த ஆண்டு முடியுமுன் தடை நீங்கியும் பசளை விலை இறங்காததும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த நாட்களில் மண்ணுக்கு உரமூட்டும் செடிகளைப் பற்றிக் கேட்காதவர் இல்லை. கொம்பிரி என்ற பெயரும் அப்போதுதான் பலர் காதில் விழுந்தது. அதை நான் கண்டதும் கைப்பட வளர்த்ததும் இங்கிலாந்தில், அக்கா வீட்டில் தங்கியிருந்த காலங்களில். அங்கே நகரசபை குடிமக்களுக்குச் சிறு துண்டு நிலங்களைக் காய்கறி செய்ய வாடகைக்குக் கொடுக்கிறது. அக்காவும் அத்தானும் அப்படி ஒரு துண்டில் கத்தரியும் வெண்டியும் முளைக்க வைக்கப் போராடித் தோற்று, கடைசியில் உருளைக்கிழங்குக்கும் அவரைக்கும் இறங்கி வந்தவர்கள். பக்கத்துத் துண்டுகளில் எல்லாம் ஒரு மூலையில் முழங்கால் உயரத்துக்குக் கரும்பச்சையாய், சொரசொரப்பான பெரிய இலைகளோடு ஒரு செடி நின்றது. அதுதான் கொம்பிரி.

கொம்பிரியில் பல இனங்கள் உண்டு. ஐரோப்பாவில் ஓடைக்கரைகளில் தானாக வளர்வது சாதாரண கொம்பிரி. விவசாயத்தில் பேசப்படுவது ரஷ்யக் கொம்பிரி எனப்படும் கலப்பினம். அதை இங்கிலாந்தில் பரப்பியவர் எசெக்ஸ் மாவட்டத்தின் கொக்செஷல் என்ற ஊரைச் சேர்ந்த ஹென்றி டபிள்டே. இவர் தபால் முத்திரைக்குப் பூசும் பசை தயாரிக்க வழி தேடினார். கொம்பிரி வேரின் வழுவழுப்பான சாறு உதவும் என்று எண்ணி, 1870களில் ரஷ்யாவின் சென் பீற்றர்ஸ்பேர்க் அரண்மனைத் தோட்டத்திலிருந்து செடிகளை வருவித்தார். பசை கைகூடவில்லை. செடி மட்டும் வெட்ட வெட்டத் தழைத்தது. மனிதருக்கும் மிருகங்களுக்கும் உணவாகும் என்று நம்பிச் சாகும்வரை அதை வளர்த்தார்.

அவர் விட்ட இடத்தில் தொடர்ந்தவர் லோரன்ஸ் ஹில்ஸ். 1954 இல் அதே மாவட்டத்தின் பொக்கிங் என்ற ஊரில் சிறு நிலம் எடுத்து, பல இடங்களிலிருந்து சேர்த்த கொம்பிரி வகைகளை நட்டு, ஒவ்வொன்றுக்கும் எண் கொடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். அவற்றில் பொக்கிங் 14 என்ற வகையே பசளைக்குச் சிறந்தது என்று கண்டார். 1958 இல் தாம் தொடங்கிய ஆராய்ச்சிச் சங்கத்துக்கு டபிள்டேயின் பெயரையே வைத்தார்.

பொக்கிங் 14 இன் சிறப்பு இரண்டு. இலையில் பொட்டாசியம் மிகுதி. அத்துடன் அது மலட்டுச் செடி; பூக்கும், ஆனால் முளைக்கும் விதை வைக்காது. இந்த இரண்டாவது குணம்தான் வாங்குபவருக்குக் கிடைத்த நல்ல உரைகல். யாராவது பொக்கிங் 14 இன் விதை என்று பைக்கற்றில் விற்றால் அது பொக்கிங் 14 அல்ல. யோசிக்கவே தேவையில்லை, திருப்பிக் கொடுத்துவிடலாம். இந்தச் செடி வேரால் அல்லது அடித்தண்டுக் கட்டையால் மட்டுமே பெருகும்.

இதை நான் அறிந்துகொண்டது பணம் கொடுத்துத்தான். முதல்முறை ஒரு விளம்பரத்தைப் பார்த்து ‘ரஷ்யக் கொம்பிரி’ என்று பன்னிரண்டு வேர்த்துண்டுகள் தபாலில் வாங்கினோம். எந்த வகை என்று விற்றவர் எழுதவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த ஆண்டு பூத்தபோது பூ வெள்ளை கலந்த மஞ்சளாக இருந்தது. அது ஓடைக்கரைச் சாதாரண கொம்பிரி. பூ அழகாயிருக்கிறதே என்று விட்டுவிட்டோம். அதற்கடுத்த வசந்தத்தில் பக்கத்துத் துண்டுக்காரரின் கரட் பாத்தியெல்லாம் கொம்பிரி நாற்று! அவர் நல்ல மனிதர். ஆனாலும் இரண்டு மாதம் எங்களோடு பேசவில்லை. அழித்துவிடலாம் என்று அத்தான் சிறிய உழவு இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து அந்தப் பாத்தியை உழுதார். அது வேரை நூறு துண்டாக நறுக்கி நிலமெங்கும் நட்டுக் கொடுத்தது. தோண்டித் தோண்டி முடிக்க மூன்று வருடம் பிடித்தது.

ஆகவே வாங்குமுன் விற்பவரிடம் வகையின் பெயரையும் எண்ணையும் கேளுங்கள். வெறுமனே ‘கொம்பிரி’, ‘ரஷ்யக் கொம்பிரி’ என்றால் போதாது. முடிந்தால் தாய்ச்செடி பூத்து நிற்கும்போதே போய்ப் பாருங்கள். சாதாரண கொம்பிரியில் இலையின் அடிப்பாகம் தண்டோடு ஒட்டி ஒரு சிறகு போல அடுத்த இலைக்கணு வரை இறங்கி ஓடும். கலப்பினத்தில் அந்தச் சிறகு சிறிது தூரத்திலேயே முடிந்துவிடும். பூவும் ஊதா சார்ந்த நிறமாக இருக்கும். பூக்கொத்து நுனியில் சுருண்டிருக்கும். எங்கள் வயல் வரம்புகளில் நிற்கும் தேள்கொடுக்குச் செடியின் பூக்கதிரை நினைத்துக் கொள்ளுங்கள், அதே சுருள்தான். தேள்கொடுக்கும் கவிழ்தும்பையும் கொம்பிரியின் குடும்பத்தைச் சேர்ந்தவை. இந்த உறவு வெறும் தோற்றத்தோடு நிற்பதில்லை என்பதைப் பின்னால் பார்ப்போம்.

வேரைப் பார்ப்பது இலகு. வெளித்தோல் கறுப்பு, உள்ளே வெள்ளை. முறித்தால் சட்டென்று முறியும். முறிந்த இடத்தில் வெண்டிக்காயை அரிந்தாற்போல வழுவழுப்பு ஒட்டும். சுண்டுவிரல் பருமனாவது இருக்கவேண்டும். நூல்போன்ற வேரும் முளைக்கும், ஆனால் செடியாகித் தேற ஒரு வருடம் அதிகம் எடுக்கும். மெத்தென்று அழுங்கினாலோ புளித்த நாற்றம் அடித்தாலோ வாங்கவேண்டாம். இலையின் அடிப்புறத்தில் மஞ்சள் தூள் படிந்த செடியிலிருந்தும் வேர் எடுக்கக் கூடாது. அது துருநோய். வேரிலேயே தங்கி நட்ட இடத்துக்கும் கூட வரும். 1869 இல் இலங்கையின் கோப்பித் தோட்டங்களில் தோன்றிய இலைத்துரு எப்படி ஒரு தொழிலையே தின்று தீர்த்தது என்பதை மலைநாட்டாருக்கு நான் சொல்லத் தேவையில்லை. (அது வேறு துரு; கோப்பிக்கு வருவது இதற்கு வராது.)

இன்னொரு செடியோடு மாறிவிடும் ஆபத்தும் உண்டு. பொக்ஸ்குளோவ் என்று ஓர் அழகுச் செடியைக் குளிர்ப் பிரதேசத்துப் பூந்தோட்டங்களில் வைப்பார்கள். பூக்குமுன் அதன் இலைக்கொத்து கொம்பிரியைப் போலவே இருக்கும். இருதய நோய்க்குக் கொடுக்கும் டிஜிட்டாலிஸ் மருந்து இந்தக் குடும்பத்திலிருந்துதான் வந்தது. அளவு மீறினால் இருதயத்தை நிறுத்திவிடும். 1977 இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் முதிய தம்பதியர் இருவர் கொம்பிரி என்று எண்ணி இதன் இலையைத் தேநீராகக் குடித்து இறந்தார்கள். வித்தியாசம் காணக் கையால் தடவிப் பார்த்தால் போதும். கொம்பிரி இலை அரம்போலச் சுணைக்கும், ஓரம் வெட்டில்லாமல் நேராக இருக்கும். பொக்ஸ்குளோவ் இலை பஞ்சுபோல மெத்தென்றிருக்கும், ஓரத்தில் நுண்ணிய பற்கள் தெரியும்.

இனி நடுகை. ஐந்து அல்லது ஆறு வேர்த்துண்டு வாங்கினால் போதும். விற்பவர் ஐம்பது, நூறு என்று தலையில் கட்டப் பார்ப்பார். இரண்டாம் வருட முடிவில் ஒரு செடியைத் தோண்டினால் பத்துத் துண்டாவது நீங்களே வெட்டலாம். அவசரக்காரர் வேர்த்துண்டுக்குப் பதில் முளையோடு கூடிய அடிக்கட்டையை வாங்கலாம். விலை கூட, ஆனால் சீக்கிரம் இலை விடும்.

வேரை இரண்டு மூன்று அங்குலத் துண்டுகளாக வெட்டி, ஆழமாகக் கொத்திய மண்ணில் இரண்டு அங்குல ஆழத்தில் படுக்கையாக வையுங்கள். படுக்கையாக வைத்தால் எது மேல், எது கீழ் என்ற குழப்பமே இல்லை. செடிக்குச் செடி மூன்று அடி இடைவெளி விடவேண்டும். முளை வெளிவர மூன்று முதல் ஆறு வாரம் எடுக்கும். பொறுமையில்லாமல் கிளறிப் பார்த்தால் முளை முறியும், நான் முறித்திருக்கிறேன். நடுமுன் அறுகு, கோரை போன்றவற்றை அடியோடு எடுத்துவிடுங்கள். கொம்பிரி வேருக்குள் அறுகு புகுந்தால் பிறகு பிரிக்க வழியில்லை.

இடத்தைத் தேர்வது எல்லாவற்றிலும் முக்கியம். இந்தச் செடி ஓரிடத்தில் இருபது வருடம் நிற்கும். வேர் ஆளுயரத்துக்கு மேல் ஆழம் போகும். ஒருமுறை வைத்தால் வைத்ததுதான். பாத்தி நடுவில் வேண்டாம். கூட்டெருக் குழிக்குப் பக்கத்தில், யாரும் கொத்தாத மூலையில் வையுங்கள்.

முதல் வருடம் இலை வெட்டக்கூடாது. பூத்தண்டை மட்டும் கிள்ளிவிடுங்கள். இரண்டாம் வருடம் முதல் இலைகள் இரண்டடி உயரம் வந்ததும், பூக்குமுன், நிலத்திலிருந்து இரண்டு அங்குலம் விட்டு அரிவாளால் அறுக்கலாம். இங்கிலாந்தில் வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரை நாலு ஐந்து முறை வெட்டினோம். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு செடி ஒரு வாளி நிறைய இலை தந்தது. நீண்ட கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சுணை தோலைக் கடிக்கும்.

ஒன்றை மறக்கக்கூடாது. கொம்பிரி அவரைக் குடும்பமல்ல. காற்றிலிருந்து நைதரசனைப் பிடிக்க அதனால் முடியாது. ஆழத்து மண்ணிலுள்ளதை மேலே கொண்டு வருகிறது, அவ்வளவுதான். எனவே வெட்டும் ஒவ்வொரு முறையும் அடியில் மாட்டெருவோ கோழி எருவோ போடவேண்டும். ‘ஒன்றும் போடாமலே பசளை தரும் அதிசயச் செடி’ என்று எழுதுபவர்கள் அதை நாலு வருடம் தொடர்ந்து வெட்டிப் பார்த்தவர்களாக இருக்கமாட்டார்கள்.

இலையைப் பயன்படுத்த எளிய வழி உருளைக்கிழங்குச் சாலில் இடுவது. வெட்டிய இலையை ஒருநாள் வாடவிட்டு, சாலின் அடியில் பரப்பி, மேலே சிறிது மண் தூவி, விதைக்கிழங்கை வைத்து மூடவேண்டும். வைக்கோலும் சருகும் உக்கும்போது மண்ணிலுள்ள நைதரசனை இழுத்துக்கொள்ளும். கொம்பிரி இலையில் நார் குறைவு, நைதரசன் போதுமானது. அதனால் அப்படி இழுக்காமல் விரைவில் உக்கிப் பயிருக்குக் கிடைக்கும். வாடவிடாமல் தண்டோடு புதைத்தால் தண்டே வேர்விட்டு முளைக்கலாம்.

இன்னொரு வழி திரவப் பசளை. ஒரு கிலோ இலையை 15 லீற்றர் தண்ணீரில் ஊறவைத்து மூடி, ஒரு மாதம் விட்டு வடித்து ஊற்றலாம். தக்காளி, மிளகாய், போஞ்சி காய்க்கத் தொடங்கும்போது நல்ல பலன் தரும். நாற்றத்தை மட்டும் விவரிக்க எனக்குச் சொல் இல்லை. தண்ணீர் விடாமல், அடியில் துளையிட்ட வாளியில் இலையை அமுக்கி மேலே கல் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் கரிய சாறு சொட்டும். அதில் நாற்றம் குறைவு. ஒரு பங்கு சாற்றுக்குப் பத்து முதல் இருபது பங்கு தண்ணீர் கலந்து ஊற்றவேண்டும்.

இனித் தாயாரின் முழங்காலுக்கு வருவோம். ஐரோப்பியக் கிராமங்களில் கொம்பிரியை ‘எலும்பு ஒட்டி’ என்பார்கள். முறிவுக்கும் சுளுக்குக்கும் வேரை அரைத்துக் கட்டுவது பழைய வழக்கம். ஹில்ஸின் காலத்தில் அதைத் தேநீராகக் குடிப்பதும் கீரையாக உண்பதும் பரவியது. அதில் பி12 உயிர்ச்சத்து உண்டு என்றும் எழுதினார்கள். நாளொன்றுக்குத் தேவையானதைப் பெறக் கிலோக்கணக்கில் தின்ன வேண்டியிருக்கும் என்பதை எழுதவில்லை.

உண்மை என்னவென்றால், கொம்பிரியில் பிரோலிசிடின் அல்கலொயிட்டு என்ற நச்சுப் பொருட்கள் இருக்கின்றன. இலையைவிட வேரில் அதிகம், முற்றிய இலையைவிடத் தளிரில் அதிகம். அவிப்பதால் இவை அழிந்துபோவதில்லை, கோப்பைக்குள் இறங்கிவிடும். வயிற்றுக்குள் போனபின் ஈரல்தான் இவற்றை வேறு பொருளாக மாற்றுகிறது. அப்படி மாறியதே ஈரலின் சிறு நாளங்களைக் கெடுத்து அடைக்கிறது. வலியோ வாந்தியோ உடனே வராது. மாதக்கணக்கில் குடித்தபின் வயிறு வீங்கும்போதுதான் தெரியவரும். 1978 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலிகளுக்குக் கொம்பிரியைத் தீனியில் கலந்து கொடுத்தபோது ஈரலில் கட்டிகள் உண்டாயின. 2001 இல் அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், உட்கொள்ளும் கொம்பிரித் தயாரிப்புகளைச் சந்தையிலிருந்து எடுக்கும்படி உற்பத்தியாளர்களுக்கு அறிவித்தது.

தேள்கொடுக்கின் உறவைச் சொன்னேன் அல்லவா? அந்தச் செடிகளிலும் இதே வகை நஞ்சு உண்டு. 1970களில் ஆப்கானிஸ்தானின் வடமேற்கில், தேள்கொடுக்கின் இனத்துக் களைச்செடியின் விதை கோதுமையில் கலந்து, அந்த மாவில் ரொட்டி சுட்டுத் தின்ற ஏழைக் கிராமத்தவர் ஆயிரக்கணக்கில் ஈரல் நோயுற்றார்கள். 1980களின் தொடக்கத்தில் இலங்கை ஆய்வாளர்கள் எமது மருந்து மூலிகைகளைச் சோதித்தபோது, கிலுகிலுப்பை போன்ற சிலவற்றிலும் இந்த வகை அல்கலொயிட்டைக் கண்டார்கள். இலை என்பதாலேயே தீங்கற்றது என்று எண்ணுவது சரியல்ல.

வெளிப்பூச்சு வேறு விடயம். ஜேர்மனி போன்ற நாடுகளில் அளவும் நாட்களும் வரையறுத்து, காயமில்லாத தோலில் மட்டும் பூச அனுமதிக்கிறார்கள். அது தொழிற்சாலையில் நஞ்சை நீக்கியோ அளந்தோ செய்த களிம்பு. வீட்டு அம்மியில் அரைப்பதை யார் அளப்பது? கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் அதையும் தொடவேண்டாம். பால் மாட்டுக்கு இலையைப் போடாதீர்கள்; இந்த நஞ்சு பாலிலும் வரக்கூடியது.

சகோதரியின் முதல் கேள்வி, இங்கே வருமா என்பது. ஆழமான, ஈரம் தங்கும் மண்ணும் குளிர்ச்சியும் கொம்பிரிக்கு வேண்டும். ஆபிரிக்காவில் கெனியாவின் உயர்நிலங்களில் சிறு விவசாயிகள் இதை வளர்க்கிறார்கள். ஆகவே பண்டாரவளை, வெலிமடை, நுவரெலியாவின் காலநிலை அதற்கு அந்நியமல்ல. யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ வெயிலோடு மல்லுக்கட்டி இதை வளர்ப்பதில் பொருளில்லை.

ஆனால் மருமகன் பயணப் பெட்டியில் வேரைக் கொண்டு வரக்கூடாது. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டத்தின்படி உயிருள்ள செடி, வேர், கிழங்கு எதையும் கொண்டு வர விவசாயத் திணைக்களத்தின் முன் அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர சுகாதாரச் சான்றிதழும் வேண்டும். கட்டுநாயக்கவில் இதற்கென்றே தாவரத் தொற்றுத்தடைக் காப்புச் சேவை இருக்கிறது. ‘பத்துத் துண்டு வேர்தானே’ என்று தோன்றும். வேரில் ஒட்டிய ஒரு சிட்டிகை மண்ணில் வட்டப்புழுவின் முட்டை இருந்தால் முதலில் பாதிக்கப்படுவது வெலிமடையின் உருளைக்கிழங்குதான். ஆகாயத்தாமரையும் பூவுக்காக ஆசையோடு கொண்டுவரப்பட்டதே. வந்த சில ஆண்டுகளில் குளங்களை மூடியதால் 1909 இலேயே அதை ஒழிக்கச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. அனுமதி பெறும் வழியை அறிய விவசாயப் போதனாசிரியரிடம் கேளுங்கள்.

அதுவரை கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டியதில்லை. மலைநாட்டுத் தெருவோரங்களில் மஞ்சள் பூவோடு புதராய் நிற்கும் காட்டுச் சூரியகாந்தியின் இலையிலும் நைதரசனும் பொட்டாசியமும் மிகுதி. கொம்பிரி போலவே விரைவில் உக்கும். விதை முற்றுமுன் வெட்டி, உருளைக்கிழங்குச் சாலிலோ திரவப் பசளைப் பீப்பாவிலோ இடலாம். செலவு அரிவாள் தீட்டுவது மட்டும். கீழ்நாட்டில் இருப்பவர்களுக்கு வேலியிலேயே கிளிசரியா நிற்கிறது. அது காற்றிலிருந்து நைதரசனைப் பிடிக்கும் மரம், கொம்பிரியால் முடியாத வேலை.

சகோதரிக்கு இவற்றையெல்லாம் சுருக்கமாக எழுதி அனுப்பினேன். தாயாரின் முழங்காலை வைத்தியசாலைக் கிளினிக்கில் காட்டும்படியும், ஏற்கெனவே யாராவது காய்ந்த கொம்பிரி இலை கொடுத்திருந்தால் அதை வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லும்படியும் எழுதினேன். பதில் வந்தது. இலை ஒரு பொட்டலம் போன வருடமே வந்திருக்கிறதாம். தாயார் வாரத்துக்கு இரண்டு தடவை குடித்து வந்தாராம். பொட்டலத்தை இப்போது கூட்டெருக் குழியில் கொட்டிவிட்டார்கள். ஈரலுக்கான இரத்தப் பரிசோதனைக்கு வைத்தியர் எழுதிக் கொடுத்திருக்கிறார்.